கமலாபுரமா, பீளமேடா, தேவனஹள்ளியா?

சேலத்தில் எங்கள் வீட்டில் யாராவது விமானம் ஏறுவதென்றால், டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே சண்டை வந்துவிடும். அஸ்தம்பட்டியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், அதனால் கமலாபுரம்தான் என்பார் அப்பா. ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பா, "இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்றவன், இன்னும் மூணு மணி நேரம் கார்ல உட்கார மாட்டானா? கோயமுத்தூரே போயிடலாம்" என்பார். தம்பிக்கு பெங்களூருவைத் தவிர மற்றதெல்லாம் பஸ் ஸ்டாண்டு. மூன்றிலும் ஏறி இறங்கியவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வரும்.

மூன்றும் மூன்று ரகம் என்பதை ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கமலாபுரம், மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் சின்ன உள்நாட்டு நிலையம். பீளமேட்டில் இருக்கும் கோவை நிலையத்தை நடத்துவதும் அதே ஆணையம்தான். ஆனால் அங்கே குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு, அதனால் அது பன்னாட்டு நிலையம். பெங்களூருவின் தேவனஹள்ளி நிலையம், தனியார் பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பெனி. அதில் ஆணையத்துக்கும் கர்நாடக அரசின் நிறுவனத்துக்கும் ஆளுக்கு 13 சதவீதம்தான்.

முதலில் நம்ம ஊர். 1993இல் திறந்த இந்த நிலையம், விமானம் வந்த வருடங்களைவிட வராத வருடங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு நிறுவனம் கொஞ்ச நாள் ஓட்டியது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு உதவும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது, 2021இல் அதுவும் நின்றது. மறுபடி 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன.

ஏன் இப்படி வந்து வந்து போகிறது? ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். அதில் எழுபது சொச்சம் பேர் உட்காரும் ஏடிஆர் சௌகரியமாக இறங்கும். அப்பா பாஷையில் 'காத்தாடி வெச்ச ப்ளேன்'. ஏர்பஸ் மாதிரியான ஜெட், ஆளும் பாரமும் நிறைத்துக்கொண்டு கிளம்ப இந்த நீளம் போதாது. சின்ன விமானம் என்றால் சீட்டு குறைவு, ஒவ்வொரு சீட்டின் மேலும் விழும் செலவு அதிகம். உடானில் அந்தக் குறையை அரசு பணம் கொடுத்து நிரப்புகிறது. அதற்குப் பதிலாக சில சீட்டுகளுக்குக் கட்டண உச்சவரம்பு. இந்த உதவி மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் சொந்தக் காலில் நிற்காத தடம் படுத்துவிடும்.

நிலையத்தின் கணக்கும் இதே கதைதான். நாளுக்கு ஒரு விமானம் வந்தாலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் வேண்டும், விமானத்தின் அளவுக்கேற்ற தீயணைப்பு வண்டி தயாராக நிற்க வேண்டும், ஓடுபாதையில் நாய் நரி ஏறாமல் பார்க்க வேண்டும். வரவு என்ன? இறங்கு கட்டணம், நிறுத்தக் கட்டணம், ஒரு டீக்கடை வாடகை. பெரிய நிலையங்கள் ஈட்டும் பணத்தை எடுத்துத்தான் ஆணையம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. தனியார் கையில் இருந்திருந்தால் கமலாபுரம் கேட்டில் என்றைக்கோ பூட்டுத் தொங்கியிருக்கும்.

ஓடுபாதையை நீட்டலாமே என்பார்கள். அதற்குச் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் தர முடியாது என்று போராடினார்கள். கிணறும் தென்னையுமாக இருக்கிற நிலம் அது. எனக்கு ஜெட் வேண்டும் என்பதற்காக அவர்களைக் கிளம்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்னை, ஹைதராபாத் போகிறவருக்கு, நேரம் ஒத்துவந்தால், கமலாபுரத்துக்கு ஈடில்லை. கார் நிறுத்தி, சோதனை முடித்து உள்ளே போய் உட்காரப் பத்து நிமிடம். ஆனால் மாற்று ஏற்பாடு கிடையாது. ஒருமுறை கிளம்புவதற்கு முன்னால் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த விமானம் மறுநாள்தான். ஜங்ஷனுக்கு ஓடி, ரயிலில் நின்றுகொண்டே சென்னை போனேன். கல்யாணம், நேர்காணல், ஆஸ்பத்திரி என்று தவறவே கூடாத பயணத்துக்கு இதை நம்ப மாட்டேன்.

சித்தப்பா சொல்லும் பீளமேடு, சேலத்துக்காரனுக்குத் தோதான இடத்தில் இருக்கிறது. அவிநாசி ரோட்டில், ஊருக்கு இந்தப் பக்கமே. சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி தாண்டினால் கோவை நெரிசலுக்குள் நுழையாமலே, நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சித்ரா நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் போனாலும் அங்கேயே நிற்கும். மும்பை, டெல்லிக்கு நேரடி ஜெட், சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் விமானம். ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். கட்டடம்தான் கூட்டத்துக்குப் பற்றவில்லை, சாயங்கால வேளையில் சோதனை வரிசையில் நின்றால் தெரியும். கோலாலம்பூர், கொழும்பு போகிறவர்கள் மட்டும் நாமக்கல் வழியாகத் திருச்சியைப் பார்ப்பது நல்லது. அதுவும் ஆணையத்துடையதுதான், 2024இல் புது முனையம் வந்திருக்கிறது.

இனி தம்பியின் கட்சி. தேவனஹள்ளி 2008 மே மாதம் திறந்தது. திறந்ததும் ஊருக்குள் இருந்த பழைய எச்ஏஎல் நிலையத்தில் பயணிகள் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். இன்று இரண்டு ஓடுபாதை, இரண்டு முனையம், ஐரோப்பாவுக்கு நேராக விமானம். கூட்டத்தைச் சமாளிப்பதில் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. அதற்குக் காசும் வாங்குவார்கள். டிக்கெட்டிலேயே பயணியிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம் உண்டு. அது எவ்வளவு என்பதை மத்தியக் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. உள்ளே காபி விலை அப்படியில்லை. ஏற்காட்டில் காபிக்கொட்டை விளைவிக்கும் சித்தப்பா ஒருமுறை அங்கே பில்லைப் பார்த்துவிட்டு, 'நான் மூட்டையோட வந்திருக்கணும்' என்றார்.

எல்லாம் தனியார் என்று நினைத்துவிட வேண்டாம். வானத்தில் வழி சொல்கிற கட்டுப்பாட்டாளர்கள் அங்கேயும் விமான நிலைய ஆணையத்தின் ஆட்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்பது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை.

குறை, தூரம். பெங்களூரு 200 கிலோமீட்டர்தானே என்று கிளம்பினால், ஊரின் தெற்கு வாசலில் நுழைந்து வடக்குக் கோடிக்குப் போக வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று ஊர்ந்து முடிக்க ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் ஒரு நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வந்தால் நமக்குப் பாதி வழி மிச்சம். ஆனால் தேவனஹள்ளி கம்பெனியோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டருக்குள் இன்னொரு நிலையம் 2033 வரை வரக்கூடாது என்றொரு ஷரத்து இருக்கிறது. தனியாரைப் பணம் போடச் சொல்லும்போது கொடுத்த வாக்கு அது.

அதனால் என் தீர்ப்பு, முதலிடம் பீளமேடு. அவசரமில்லாத சென்னைப் பயணத்துக்குக் கமலாபுரம். கடல் தாண்டி நெடுந்தூரம் போகும்போது மட்டும் தேவனஹள்ளி, அதுவும் முந்தின இரவே போய்த் தங்குவதாக இருந்தால்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரலில் அக்கா சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். கோவைக்கு நேரடி விமானம் இருக்க, சென்னையில் இறங்கிக் காத்தாடி ப்ளேன் பிடித்துக் கமலாபுரம் வரச் சொல்லி அவளோடு இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.