மோட்டார் வைத்த சைக்கிளுக்கு எந்த டயர்: 35 மி.மீ.யா, 2 இஞ்சா, 4 இஞ்சா?

பழைய 26 இஞ்ச் சைக்கிளில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) கிட் மாட்டிய முதல் வாரமே பின் டயர் இறங்கிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கினார். பாம்பு கடித்த மாதிரி, அரை இஞ்ச் இடைவெளியில் இரண்டு ஓட்டைகள், இரண்டிலிருந்தும் குமிழி. "ஆணியெல்லாம் இல்ல சார். காத்து கம்மியா வெச்சுப் பள்ளத்துல உட்டிருக்கீங்க, ரிம்மு கடிச்சிருச்சு" என்றார்.

மோட்டார், பேட்டரி என்று மாதக்கணக்கில் படித்துவிட்டு டயரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் சென்னையில் பல்லாவரம்–கிண்டி பாதையில் (ஜி.எஸ்.டி. ரோடு) மூன்று வகை டயரையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்: என்னுடைய 26×1.95, அலுவலக நண்பரின் 700×35, மச்சான் ஆசைப்பட்டு வாங்கிய 26×4 குண்டு டயர். முதல் எண் சக்கர அளவு, அடுத்தது டயரின் அகலம்: 1.95-உம் 4-உம் இஞ்ச், 35 மட்டும் மி.மீ.

முதலில் வேகம். இந்தியாவில் இந்த வகை வண்டி 25 கி.மீ. வேகத்துக்குள்ளும், மோட்டார் திறன் கால் கிலோவாட்டுக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்தால்தான் சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், பதிவு எதுவும் தேவைப்படாது. ஆகவே எந்த டயர் போட்டாலும் 25-ஐ நெருங்கியதும், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் கையை விரித்துவிடும். 'எந்த டயர் வேகமாகப் போகும்' என்று கேட்பதைவிட, 'அந்த 25-ல் போக எது பேட்டரியைக் கம்மியாகக் குடிக்கும்' என்று கேட்பதுதான் பொருத்தம்.

என் கணக்கு இது. நானும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ. 25 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றைக் கிழிக்கவே சுமார் 120 வாட் போகிறது; நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர் எந்த டயர் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இதற்கு மேல் டயர் உருள்வதற்கென்று, சரியான காற்றுள்ள 35 மி.மீ. வழவழ டயர் ஏறக்குறைய 45 வாட் கேட்கும். 2 இஞ்ச் வழவழ டயருக்கு 50-ஐக் கொஞ்சம் தாண்டும். குமிழ் குமிழாகப் பட்டன் வைத்த 4 இஞ்ச் டயர் 95 வாட்டுக்கு மேல் விழுங்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியை வைத்து, பெடல் மிதிக்காமல், பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றும் வைத்துக்கொண்டால் முதலாவது 43 கி.மீ., இரண்டாவது 42, மூன்றாவது 33 வரும். டயருக்கு டயர் இந்த எண்கள் மாறும் என்றாலும் வரிசை மாறாது. 35 மி.மீ.க்கும் 2 இஞ்சுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கிலோமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். அகலம் கூடினால் வண்டி இழுக்காது என்று பயப்படுகிறவர்கள் நிஜத்தில் பயப்பட வேண்டியது பட்டனுக்கும் காற்றுக் குறைவுக்கும்தான்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரே டயரை அகலம் கூட்டி, காற்றை மட்டும் மாற்றாமல் வைத்தால் அகலமானதே லேசாக உருளும். தரையில் பதியும் பரப்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒல்லி டயரில் அது நீளமாகப் பதிவதால் டயர் அதிகம் மடங்குகிறது. தவிர, கரடுமுரடான சாலையில் கல்லு மாதிரி காற்றடித்த டயர் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கும் பேட்டரிதான் கூலி கொடுக்கிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களே 23 மி.மீ.யிலிருந்து 25, 28 என்று அகலத்துக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்த்த ரோடு நமக்கு வாய்த்ததா என்ன?

குண்டு டயரில் இன்னொரு வேடிக்கை. 26×1.95 சக்கரம் மொத்தமாக 65 செ.மீ. உயரம், 26×4 கிட்டத்தட்ட 75. பெயரில் இரண்டும் 26 தான். ஒன்றுக்குப் போட்ட கிட்டை, டிஸ்பிளேயில் '26' என்ற செட்டிங்கை மாற்றாமல் மற்றதில் மாட்டினால், திரை 25 காட்டும்போது வண்டி 28-ஐத் தாண்டியிருக்கும். அதே விகிதத்தில் இழுவை குறையும். மேம்பாலம் ஏறும்போது மோட்டார் முனகுவது காதில் விழும். மச்சான் முதல் நாள், "மாப்ள, என் வண்டி உன்னோடதவிட ஸ்பீடு" என்று பெருமைப்பட்டதன் ரகசியம் இதுதான்.

சொகுசுக்கு வருவோம். மோட்டார் இல்லாத சைக்கிளில் பள்ளம் வந்தால் தானாகவே வேகம் குறைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்வோம். த்ராட்டில் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. மூட்டை மாதிரி உட்கார்ந்தபடியே 25-ல் போய்ப் பள்ளத்தில் விழுகிறோம். பின் சக்கரத்தின் நடுவே மூன்று கிலோ மோட்டார் வேறு. குழியில் இறங்கும்போது அந்த எடையும் சேர்ந்து ரிம்மை அடிக்கிறது. அதனால் மிதிக்கும் சைக்கிளைவிட இதற்குத்தான் அகலம் அதிகம் தேவை.

நண்பரின் 700×35-ல் 65 பி.எஸ்.ஐ. காற்று. புதுத் தாரில் வெண்ணெய் மாதிரி போனது. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய இடம் வந்ததும் மணிக்கட்டு முதல் தோள்வரை அதிர்ந்தது. மழைநீர் வடிகால் மூடியில் நீளவாக்கில் ஒரு பிளவு இருந்தால் ஒல்லி டயர் அதில் போய்ச் செருகிக்கொள்ளும் என்ற பயமும் கூடவே வரும். என் 1.95-ல் பின்னால் 40, முன்னால் 32 வைக்கிறேன். எடை பின்னால்தானே அதிகம். அதே இடத்தில் தட்டுவது தெரியும், வலிக்காது.

குண்டு டயர் 15 பி.எஸ்.ஐ.யில் சின்னச் சின்னக் கற்களைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் வேகத்தடையில் ஏறினால் பந்து மாதிரி எகிறுகிறது. ஷாக் அப்சார்பர்போல அந்தத் துள்ளலை அடக்க அதில் எதுவுமில்லை. காற்றை இன்னும் குறைத்தால் திருப்பத்தில் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும். தார் ரோட்டில் பட்டன் எழுப்பும் 'உர்ர்ர்' சத்தம் வழியெல்லாம் கூடவே வரும். அலாஸ்காவின் பனிக்கும் நியூ மெக்சிகோவின் மணலுக்கும் பிறந்த டயர் ஜி.எஸ்.டி. ரோட்டில் என்ன செய்யும், பாவம். மச்சான் வீடு கோவளம் பக்கம். அங்கே தெருமுனையெல்லாம் கடல் மணல். என் டயர் நெளிகிற இடத்தில் அவர் வண்டி நேராகப் போவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் வாங்கியது முழுத் தப்பில்லை.

பஞ்சர் விஷயத்தில் எல்லாம் ஒரே கஷ்டம்தான். ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை: நட்டு, வாஷர், வயர் கனெக்டர் எல்லாம் உண்டு. நம்மூர்க் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்கம் டயரை நெம்பி, டியூப்பை மட்டும் வெளியே உருவி ஒட்டிவிடுகிறார்கள். ஒட்ட முடியாமல் டியூப்பையே மாற்றும் நிலை வந்தால் 26×1.95 பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். 26×4-க்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

டயர் வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கணக்குப் பாடத்தில் 1.50-உம் 1½-உம் ஒன்று. சைக்கிள் கடையில் இல்லை. 26×1.50 டயரின் உள்விட்டம் 559 மி.மீ., 26×1½ என்றால் 584. ஒன்று மற்றதன் ரிம்மில் உட்காரவே உட்காராது. டயரின் பக்கவாட்டில் '50-559' என்ற மாதிரி பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். முதல் எண் அகலம், அடுத்தது ரிம்முக்கான விட்டம். அப்புறம், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரலாவது நுழைய வேண்டும்.

நகரத்துக்குள் தினமும் 20 கி.மீ. ஓடுகிறவருக்கு என் ஓட்டு 2 இஞ்ச் வழவழ டயருக்குத்தான். நல்ல புறவழிச்சாலையில் நீண்ட தூரம் போகிறவர், எடை குறைந்தவர் என்றால் 35 மி.மீ. போதும். தாத்தா காலத்து 28×1½ வண்டியில் கிட் போட்டவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். அதன் அகலமே ஏறக்குறைய 40 மி.மீ. இருக்கிறது. நானும் இப்போது பின்னால் மட்டும் 2.1-க்கு மாறிவிட்டேன், மட்கார்டைத் தாங்கும் கம்பியைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் வைத்த கால் பம்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன். அதற்கப்புறம் ரிம் இன்னும் கடிக்கவில்லை.