டிவிக்குக் கீழே ஒரு வானொலி: கோடியா, வி.எல்.சி.யா, எம்.பி.டி.யா?

"பாட்டு கேக்கறதுக்கு எதுக்குடா டிவியப் போடணும்?" என்று அம்மா கேட்ட அன்று இந்த வேலை தொடங்கியது.

எங்கள் டிவிக்குக் கீழே ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி இருக்கிறது. படம் பார்ப்பது அதில்தான். இணைய வானொலியையும் அதிலேயே கேட்கலாம் என்று கோடி, வி.எல்.சி., எம்.பி.டி. என்ற மூன்று பிளேயர் மென்பொருள்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மூன்றும் இலவசம், மூன்றும் பாடும். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில்: வீட்டில் யார் போடப் போகிறார்கள், நடுவில் லைன் அறுந்தால் என்ன ஆகிறது. பிரவுசரில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து கேட்பது நான்காவது வழி. சோபாவில் உட்கார்ந்துகொண்டு மவுஸைத் தேடிய முதல் நாளே அதை விட்டுவிட்டேன்.

கோடியிலிருந்து ஆரம்பிப்போம். தமிழில் எழுதினால் நூறு லட்சம் ஆகிவிடும் பெயர், விலையோ சைபர். 2002இல் எக்ஸ்பாக்ஸுக்கான பிளேயராகப் பிறந்து, 2014இல் இந்தப் பெயருக்கு மாறியது. ஒரே ஒரு நிலையம் போதும் என்றால் நோட்பேடில் அதன் முகவரியை ஒரு வரியாக எழுதி, எஸ்.டி.ஆர்.எம். என்ற பின்னொட்டோடு சேமித்தால் முடிந்தது. பாட்டுக் கோப்பைப் போலவே திறக்கும். முப்பது நிலையங்கள் என்றால் முகவரிகளை எம்3யு என்ற வகைக் கோப்பில் பட்டியலாக எழுதி, ஐ.பி.டிவி சிம்பிள் கிளையண்ட் என்ற ஆட்-ஆனிடம் (கோடியோடு சேர்க்கும் துணை நிரல்) கொடுக்க வேண்டும். இங்கே பலரும் சறுக்குவார்கள். பட்டியலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 'ரேடியோ' என்ற குறிப்புக்கு 'ட்ரூ' என்று மதிப்பு தராவிட்டால் எல்லாம் டிவி சேனல்களாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ரேடியோ மெனு காலியாக இருக்கிறதே என்று நானும் ஒரு மாலை முழுக்க விழித்தேன்.

ரெடிமேட் ரேடியோ ஆட்-ஆன்களை நம்பி இருக்காதீர்கள். 2021இல் வந்த கோடியின் 19ஆம் பதிப்பு, ஆட்-ஆன்கள் எழுதப்படும் பைத்தான் மொழியின் 3ஆம் பதிப்புக்கு மாறியபோது, புதுப்பிக்கப்படாத பழைய ஆட்-ஆன்கள் அப்படியே படுத்துவிட்டன. சொந்தமாக எழுதி வைத்த எம்3யு பட்டியலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோடியின் பெரிய பலம், ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவி ரிமோட்டே அதற்கும் வேலை செய்வது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. திரை இல்லாமல் அதற்கு வாழ்க்கை இல்லை. ஒலியை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடலாம்தான், ஆனால் நிலையம் மாற்ற டிவியைப் போட வேண்டும், இல்லை போனில் கோர் என்ற கோடி ரிமோட் செயலியைத் திறக்க வேண்டும். அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

வி.எல்.சி.யைக் கூடத்தில் வைப்பது வீண். ஆனால் அது இல்லாமல் மற்ற இரண்டையும் சரிபார்க்கவே முடியாது. என் மடிக்கணினியில் அது டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. கண்ட்ரோல்-என் அழுத்தி முகவரியை ஒட்டுங்கள். பாடினால் நிலையம் உயிரோடு இருக்கிறது, கோளாறு நம் பக்கம். பாடாவிட்டால் கோடியைக் குடைந்து பயனில்லை. கண்ட்ரோல்-எம் அழுத்தினால் வரும் செய்திகளில் 404 என்றிருந்தால் அந்த முகவரியில் இப்போது ஒன்றும் இல்லை, 403 என்றால் சர்வர் நம்மை உள்ளே விட மறுக்கிறது. விட்டு விட்டுப் பாடினால் நெட்வொர்க் கேச்சிங்கை, அதாவது ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நேரத்தை, கூட்டிப் பாருங்கள். இயல்பாக 1000 மில்லிசெகண்ட் இருக்கும். நான் 5000 வைத்திருக்கிறேன். 128 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 128 கிலோபிட்) ஒலி ஓடையில் ஐந்து செகண்டுக்கு 80 கிலோபைட்தான். ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் 57.6 எம்பி. வீட்டு ஃபைபருக்கு அது தூசு, போன் ஹாட்ஸ்பாட்டில் நாள் முழுக்க ஓடினால் டேட்டா கரையும்.

முகவரியிலேயே சில பொறிகள் உண்டு. நிலையங்கள் கொடுக்கும் பி.எல்.எஸ். கோப்பு ஒலி அல்ல, ஒலி இருக்கும் இடத்தை எழுதிய சீட்டு. அதைத் திறந்து உள்ளே இருக்கும் உண்மையான முகவரியை எடுத்துக்கொள்வது நல்லது. இணைய வானொலியை ஒலிபரப்பும் பழைய ஷவுட்காஸ்ட் சர்வர், கேட்பது பிரவுசர் என்று தெரிந்தால் பாட்டுக்குப் பதில் நிலவரப் பக்கத்தைக் காட்டும். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் அரைப்புள்ளியும் சேர்த்தால் ஒலியைத் தந்துவிடும். எம்3யு8 என்று முடிவது வேறு ஜாதி: ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அனுப்பும் ஹெச்.எல்.எஸ். முறை. ஆகாசவாணியின் நேரலைகள் இந்த வகை. இவற்றைக் கோடி அலட்டாமல் பாடுகிறது. எம்.பி.டி.க்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற ஒலி-ஒளி மென்பொருளின் துணை வேண்டும், அப்போதும் சில நேரம் முரண்டு பிடிக்கிறது.

எம்.பி.டி.க்கு முகமே கிடையாது. கணினி விழித்தவுடன் பின்னால் ஓடத் தொடங்கும், 6600 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில் (போர்ட்) காத்திருக்கும், போனிலிருந்தோ கட்டளை வரியிலிருந்தோ ஏவலாம். அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பை எழுதும் முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். அது வேண்டாம் என்றால் 'மூட் ஆடியோ', 'வாலுமியோ' என்ற ரெடிமேட் இயங்குதளங்களாக இதற்கே சட்டை போட்டு விடுகிறார்கள். நிலையப் பட்டியலும் அழகான வலைப்பக்கமும் கிடைக்கும். ஆனால் முழு எஸ்.டி. கார்டையும் அவை எடுத்துக்கொள்ளும், படம் பார்க்க வழி இல்லை.

என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். கடைசி நிலையைக் கோப்பில் எழுதி வைக்கச் சொன்னால், கரண்ட் போய் வந்த பிறகு விட்ட நிலையத்தையே தானாகப் பாடும். எங்கள் தெருவில் இது சின்ன வசதி அல்ல. ஒரு சிக்கல்: ரவுட்டர் முழிக்கும் முன்பே எம்.பி.டி. முழித்துக்கொண்டால் இணைப்பு கிடைக்காமல் ஓய்ந்துவிடும். நெட் வந்த பிறகே தொடங்கும்படி அமைக்க வேண்டும்.

கோடியையும் எம்.பி.டி.யையும் ஒரே பெட்டியில் வைத்தபோதுதான் உண்மையான தலைவலி. கோடி மெனுவில் சும்மா நின்றாலும் ஒலிச் சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எம்.பி.டி. கேட்டால் 'சாதனம் வேலையாக இருக்கிறது' என்ற பிழை. அரை நாள் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன். கடைசியில் சொத்தைப் பிரித்துக் கொடுத்தேன்: ஹெச்.டி.எம்.ஐ. கோடிக்கு, 3.5 மிமீ ஜாக் எம்.பி.டி.க்கு. பை 5இல் அந்த ஜாக்கே இல்லை, யு.எஸ்.பி. ஒலி அட்டை வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது லைன் அறுவது. மழை நாளில் எங்கள் இணைப்பு பத்துத் தடவை போய் வரும். வரிசையில் ஒரே நிலையம் இருந்து அதுவும் தோற்றால் எம்.பி.டி. நின்றுவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை 'பாடு' என்று கட்டளையிடும்படி கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் நிரல்) வைத்தேன். அம்மா பாட்டை நிறுத்திவிட்டுச் சாமி கும்பிட உட்கார்ந்தால் அரை நிமிடத்தில் அது மறுபடி பாடத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டி திருநீறு கொண்டு வந்தார். இப்போது ரிப்பீட் ஆன் செய்திருக்கிறேன். கிரான் முதலில் நிலவரத்தைக் கேட்கும், பிழை என்று வந்தால் மட்டும் பாடச் சொல்லும்.

ஆக எங்கள் வீட்டில் படத்துக்கும் ஆகாசவாணிக்கும் கோடி, நாள் முழுக்க ஓடும் பாட்டுக்கு எம்.பி.டி., நோய் பார்க்க வி.எல்.சி. டிவியே போடாதவர்கள் எம்.பி.டி.யோடு நின்றுகொள்ளலாம். டிவி எப்போதும் ஓடும் வீட்டில் கோடி ஒன்றே போதும்.

போன் செயலி அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு யு.எஸ்.பி. எண் பலகையைச் செருகி, ஒவ்வொரு விசைக்கும் ஒரு நிலையம் என்று சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அதே விசைகள் கோடிக்கும் போய்ப் படம் தாவாமல் தடுக்க இன்னொரு நாள் போனது. ஐந்தாம் விசையில் இருந்த நிலையம் போன மாதம் முகவரியை மாற்றிவிட்டது. புதியது இன்னும் கிடைக்கவில்லை. அம்மா அதன் மேல் ஒரு பொட்டை ஒட்டி வைத்திருக்கிறாள், தெரியாமல் அழுத்திவிடக் கூடாதாம்.