ஒரு தடவை ஸ்கேனா, ஆண்டுக்கணக்கில் தொடர்வதா?

கேட்ட எண்களை மனதில் வைத்துத் தலைகீழாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு உதவுவது செயல்நினைவு. வயதாகும்போது அது தளர்வதை, மூளையின் இயக்கத்தைப் படமாக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் வழியாக ஆராய இரண்டு வழிகள் உண்டு.

இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே காலகட்டத்தில் ஸ்கேன் செய்து ஒப்பிடுவது ஒன்று. முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் இரண்டு, மூன்று ஆண்டு ஆய்வுப் பணிக்குள் முடித்துவிடலாம். ஆனால் இரு தரப்பினரும் வளர்ந்த காலமும் படிப்பும் வேறு; தெரியும் வித்தியாசம் வயதால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது.

அதே ஆட்களைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி ஸ்கேன் செய்வது மற்றொன்று. ஸ்வீடனின் உமியோ நகரில் 1988-இல் தொடங்கிய, நினைவாற்றலையும் முதுமையையும் பற்றிய பெட்டுலா தொடர் ஆய்வு இங்கே முக்கியம். அதன் தரவை வைத்து 2010-இல் வெளியான கட்டுரையில் (அதில் தந்தது செயல்நினைவுச் சோதனை அல்ல, சொற்களை வகைப்படுத்தும் சோதனை), முதல் வழி முதியவர்களின் மூளையின் முன்மடல் அதிகம் இயங்குவதாகக் காட்டியது. அதே ஆட்களைத் தொடர்ந்தபோதோ இயக்கம் குறைந்திருந்தது. நேர் எதிரான விடை! ஒப்பீட்டில் திறன் மிகுந்த முதியவர்கள் கூடுதலாக இடம்பெற்றதுதான் காரணம்.

தொடர் ஆய்விலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நலமாக இருப்பவர்களே திரும்பி வருவார்கள், சோதனையும் பழகிவிடும். அப்புறம், எஃப்எம்ஆர்ஐ அளப்பது ரத்த ஓட்டம் சார்ந்த சமிக்ஞையை. ரத்தக் குழாய்களுக்கும் வயதாகும்; அதனாலேயே சமிக்ஞை மாறலாம். இது இரண்டு வழிக்கும் பொது.

முதுமையின் மாற்றம்தான் கேள்வி என்றால், என் தேர்வு தொடர் ஆய்வே. புதிதாகத் தொடங்க நேரமில்லையா? சரி, ஏற்கெனவே நடந்துவரும் ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்.