முதல் போட்டி முயல்: டச்சு, நியூசிலாந்து வெள்ளை, ஹாலந்து லாப் – வேலூர் வெயிலுக்கு எது?

"அண்ணா, காது தொங்குற மொசக்குட்டி எங்க கிடைக்கும்?"

போட்டிக்கு முயல் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். போனில் பார்த்த ஹாலந்து லாப் மனசில் உட்கார்ந்துவிடுகிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால் நம்ம ஊரில் எந்த முயல் வாங்கினாலும், போட்டி மேசை ஏறுவதற்கு முன்னால் அது ஒரு கத்திரி வெயிலைத் தாண்டியாக வேண்டும். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது அபூர்வச் செய்தி இல்லை. முயலுக்கு இதமானது சுமார் 15 முதல் 25 டிகிரி வரை. 30-ஐத் தாண்டினால் தீனி குறையும், கிடாவுக்கு, அதாவது ஆண் முயலுக்கு, இனவிருத்தித் திறன் மங்கும். 35-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் முயலாக அதிகம் பேசப்படும் மூன்று இனங்களையும் அழகை வைத்து மட்டும் பார்க்காமல், வெயிலையும் வீட்டையும் சேர்த்து வைத்தே ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம்ம பக்கத்துச் செல்லப்பிராணிக் கண்காட்சி ஒன்றுக்கு முயலைக் கொண்டுபோனால் உடல்நலம், சுத்தம், அடக்கம் இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். இனவாரிப் போட்டி வேறு மாதிரி. 1910-ல் தொடங்கிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கமும், 1934-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ராபிட் கவுன்சிலும் ஒவ்வொரு இனத்துக்கும் எழுத்தில் ஓர் இலக்கணம் வைத்திருக்கின்றன. மொத்தம் 100 புள்ளி. முயல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அந்த இலக்கணத்தோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்க முறையில் இடது காதில் பச்சை குத்திய எண் இல்லாத முயல் மேசையிலிருந்து இறக்கப்படும். பிரிட்டிஷ் முறையில் பின்காலில் வளையம். அதைக் குட்டியாக இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும், வளர்ந்த பாதம் உள்ளே நுழையாது. நீங்கள் கலந்துகொள்வது பள்ளி மைதானத்தில் நடக்கும் கண்காட்சியாகவே இருக்கட்டும், இலக்கணத்தைப் படித்துவிட்டு முயல் வாங்குங்கள். எதைப் பார்த்து வாங்குவது என்ற கண் அப்போதுதான் திறக்கும்.

ஹாலந்து லாப்

லாப் என்றால் காது தொங்கும் முயல். நெதர்லாந்துக்காரர் ஒருவர் பெரிய பிரெஞ்சு லாப்பையும் குட்டையான நெதர்லாந்து டுவார்ஃபையும் கலந்து, பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இனம். 1964-ல் அந்நாட்டில் அங்கீகாரம் கிடைத்தது. அமெரிக்க இலக்கணப்படி அதிகபட்சம் 4 பவுண்டு, அதாவது சுமார் 1.8 கிலோ. உருண்டைத் தலை, தடித்த எலும்பு, கன்னத்தை ஒட்டித் தொங்கும் காது.

இந்த இனத்தில் நான் தயங்குவதற்கு முதல் காரணம் அந்தக் காதுதான். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதில் பெரிய பங்கு காதுக்குத்தான், அதில் ஓடும் ரத்தக்குழாய்களுக்குத்தான். நிமிர்ந்த காதில் காற்று இரண்டு பக்கமும் படும். லாப்பின் காது கன்னத்து முடியோடு ஒட்டிக் கிடக்கிறது. மடிந்த இடத்தில் துவாரம் குறுகி மெழுகு சேர்கிறது. பிரிட்டனில் கைவிடப்பட்டு மீட்கப்பட்ட முயல்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நிமிர்ந்த காது முயல்களைவிட லாப் முயல்களுக்குக் காதுக் கோளாறும் பல் கோளாறும் அதிகம் என்று காட்டியது. பல் வரிசை மாறினால் போட்டியில் நேரடித் தகுதி நீக்கம். வீட்டில் அது வாழ்நாள் வேதனை.

இரண்டாவது காரணம், குட்டியைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. மாதம் ஏற ஏறத் தலையும் உடம்பும் மாறிக்கொண்டே போகும். நடுவில் ஒல்லியாக, அழகு கெட்டுத் தெரிகிற பருவம் ஒன்றும் உண்டு. நல்ல வம்சம் என்று கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். குட்டை மரபணு இருக்கும் இனம் என்பதால், அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த குட்டிகள் பிறந்த சில நாளில் இறந்துபோகும். இனவிருத்தி செய்யப்போகும் புதியவருக்கு அது பெரிய மன பாரம்.

மதியம் முழுக்க ஏசி ஓடுகிற அறையும், அந்த அறைக்குள் முயலுக்கென்று ஓர் இடமும் இருக்கிறதா? அப்படியானால் யோசிக்கலாம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஹாலந்து லாப் வளர்க்க நினைப்பவர்களிடம் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து டுவார்ஃபுக்கும் அதே பதில்தான். நீள முடி அங்கோராவைப் பற்றி இந்த ஊரில் பேசவே வேண்டாம்.

நியூசிலாந்து வெள்ளை

பெயர் அப்படி இருந்தாலும் அமெரிக்காவில் உருவான இனம். நம்ம பண்ணைகளில் 'வெள்ளை மொசலு' என்று சொன்னால் பெரும்பாலும் இதுவோ இதன் கலப்போதான். இலக்கணப்படி கிடா 9 முதல் 11 பவுண்டு, பெண் 10 முதல் 12 பவுண்டு. கிலோவில் சொன்னால் நாலில் தொடங்கி ஐந்தரைக்குப் பக்கம்.

முயலைக் கையால் எடைபோடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இனம் இல்லை. வெள்ளை உடம்பில் குறிகள் கிடையாது, எல்லாமே சதையும் முடியும்தான். நடுவர் அதை மேசையில் உட்கார வைப்பதைக் கவனியுங்கள். முன்பாதங்கள் கண்ணுக்கு நேர்கீழே, பின்பாதங்கள் இடுப்புக்கு அடியில். பிறகு உள்ளங்கையைத் தோளிலிருந்து முதுகு வழியாகப் பிட்டம் வரை ஓட்டுவார். தோளில் தொடங்கி மெல்ல மேலேறி, இடுப்பில் உச்சி தொட்டு, உருண்டையாக இறங்க வேண்டும். நடுவில் பள்ளம் தட்டினாலும், பிட்டத்தில் எலும்பு கைக்குக் குத்தினாலும் புள்ளி போகும். அடுத்து வாலிலிருந்து தலைப் பக்கமாக முடியை எதிர்த்துத் தடவி விடுவார். நல்ல முடி கையை எடுத்த உடனே படிந்துவிடும். தளர்ந்த முடி அப்படியே நிற்கும். இதை வீட்டில் தினமும் செய்து பாருங்கள், ஒரு பருவத்துக்குள் உங்கள் கைக்கே தராதரம் தெரிந்துவிடும்.

கிடைப்பதும் எளிது. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, நீலகிரி சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டும் பண்ணை முயல் இனங்களை ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வருபவை. இந்த வழியில் வந்த முயலுக்குத் தாய் தகப்பன் யார் என்று சொல்ல ஆளிருக்கும். ஒன்று மட்டும், மலைக்குளிரில் வளர்ந்த முயலைப் பங்குனியில் வேலூருக்கு இறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டுவந்தால் உடம்பு பழகக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

குறை எங்கே? உடம்பு பெரிது, சூட்டை இறக்க நேரமாகும். எடை முழுக்கப் பாதத்தில் இறங்குவதால், கம்பி வலைத் தரையில் குதிகால் புண் சீக்கிரம் வரும், ஓய்வெடுக்க ஒரு பலகை போட்டே ஆக வேண்டும். வெள்ளை முடியில் மூத்திரக் கறை ஏறினால் மேசையில் மறைக்க வழியில்லை. குளிப்பாட்டிச் சரிசெய்யலாம் என்றால் முயல் பயந்து நடுங்கிவிடும், அதைச் செய்யவே கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து கிலோ முயலைத் தூக்குவதும் சிரமம். பின்காலைத் தாங்கிப் பிடிக்காமல் தூக்கி, அது உதறினால், அந்த உதறலிலேயே முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

டச்சு

என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்க இலக்கணப்படி மூன்றரை முதல் ஐந்தரை பவுண்டு, சுமார் 1.6 முதல் 2.5 கிலோ. சிறிய உடம்பு, நிமிர்ந்த காது, ஒட்டிய முடி. நம்ம வெயிலுக்கு மூன்றில் இதுவே தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு. தாக்குப்பிடிக்கும் என்றால் நிழலும் ஈரமும் இல்லாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. நனைத்த கோணி, புங்க மர நிழல், தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிய பாட்டில், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே ஈரக் கையால் காதைத் தடவி விடுவது, இவை எல்லா முயலுக்கும் பொது.

டச்சுக்குப் புள்ளியின் பெரும்பகுதி உடம்பில் இருக்கும் வண்ணக் குறிகளுக்கே போகிறது. நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை. இருபுறமும் உருண்டையான வண்ணக் கன்னம், அது மீசை முடிகளைத் தொடக்கூடாது. முதுகில் வெள்ளையும் வண்ணமும் சந்திக்கும் கோடு, நூல் பிடித்த மாதிரி நேராகச் சுற்றி வர வேண்டும். முயலைப் புரட்டினால் அதே கோடு வயிற்றிலும் தொடர வேண்டும், முன்கால்களைத் தொடாமல். பின்பாதத்தில் வெள்ளை, விரல் நுனியிலிருந்து குதிகாலை நோக்கி மூன்றில் ஒரு பங்கு. வண்ணத்தில் வெள்ளைப் புள்ளியோ, வெள்ளையில் வண்ணப் புள்ளியோ தெரிந்தால் தகுதி நீக்கம்.

புதியவருக்கு இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. குட்டிக்கு முடி முளைக்கத் தொடங்கும்போதே குறி தெரிந்துவிடும், வளர்ந்தபின் அது இடம் மாறாது. வாங்கும் அன்றே கையில் வைத்துப் பார்த்து, இது போட்டிக்கு, இது வீட்டுக்கு என்று பிரித்துவிடலாம். ஹாலந்து லாப்பில் ஆறு மாதம் காத்திருந்து தெரிந்துகொள்வதை இங்கே அங்கேயே தெரிந்துகொள்கிறீர்கள்.

சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக இருப்பதையெல்லாம் கடையில் 'டச்சு' என்றே விற்கிறார்கள். முதுகுக் கோடு மேலே நேராக இருந்து, வயிற்றில் கோணலாக ஓடும். பாதத்து வெள்ளை ஒரு காலில் நீளமாகவும் இன்னொன்றில் குட்டையாகவும் இருக்கும். புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். குறி சுத்தமாக இருக்கும் ஜோடியிலிருந்தும் குறி பிசகிய குட்டிகள் நிறையப் பிறக்கும், இந்த இனத்தின் இயல்பு அது. ஆகவே இனவிருத்தியில் இறங்கினால், போட்டிக்கு ஆகாத குட்டிகளுக்கு நல்ல வீடு தேடும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். இதை யோசிக்காமல் ஜோடி சேர்ப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலைப் பக்கம் யாராவது காட்டு முயல் குட்டி கொண்டுவந்து காட்டினால் வாங்காதீர்கள். அது வேறு உயிரினம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. கூண்டில் தங்கவும் தங்காது.

எதை வாங்கினாலும்

தீனியில் மூன்று இனத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. புல்லும் நார்ச்சத்தும்தான் அடிப்படை. அருகம்புல், கினியாப்புல், கோ-4 நேப்பியர், வேலிமசால் எல்லாம் நம்ம ஊரில் முளைப்பவை. நேதாஜி மார்க்கெட்டில் கழித்துப்போடும் கோஸ் இலையை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் வயிறு உப்பி ஒரே ராத்திரியில் முயல் செத்துப்போகவும் கூடும். போட்டி நெருங்கும் வாரத்தில் தீனியை மாற்றவே மாற்றாதீர்கள்.

பழக்கம் தினமும் வேண்டும். மேசைமேல் பழைய சாக்கை விரித்து, முயலை உட்கார வைத்து, பல், நகம், காது, வயிறு என்று நடுவர் பார்க்கும் வரிசையில் நீங்களும் பாருங்கள். கொஞ்ச நேரம் போதும். அந்நியர் கைக்கும் பழக, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தொட விடுங்கள். காதைப் பிடித்துத் தூக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

முடி நன்றாக அடர்ந்து நிற்பது மார்கழி, தை மாதங்களில். வெயில் ஏறினால் முடி உதிர்ந்து உடம்பு திட்டுத் திட்டாகத் தெரியும். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல முயலும் மேசையில் தோற்கும். பங்குனிக்கு மேல் யார் அழைத்தாலும் போகாதீர்கள். போகும் நாளில் விடியலுக்கு முன்பே கிளம்புங்கள், வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஊர் மாறின தண்ணீரைப் பல முயல்கள் குடிக்காது.

பரிசோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், திரும்பி வந்த முயலை மற்றவற்றோடு உடனே சேர்க்கக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்து, மூக்கு ஒழுகுகிறதா, காதில் சொறி தட்டுகிறதா என்று தினமும் பாருங்கள். அதற்குத் தீனி வைப்பது கடைசியாக இருக்கட்டும், வைத்த கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.