பூனைக்கு இன்சுலின் போடுகிறீர்களா? முதலில் சிரிஞ்சைப் பாருங்கள்

சர்க்கரை நோய் வந்த பூனையை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள், அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன் இன்சுலின் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டில் லேபிளில் 1 மில்லிக்கு 40 யூனிட் என்றிருக்கிறதா, 100 யூனிட் என்றிருக்கிறதா? சிரிஞ்சின் மேலும் அதே எண்தான் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஊசியைப் போடாதீர்கள். இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகாததால் எங்கள் கறுப்பன் செத்துப் பிழைத்தான். தவறான ஜோடியைக் கொடுத்தது நாங்கள் பல ஆண்டுகளாக நம்பிப் போய்வந்த ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனை.

கறுப்பன் பதின்மூன்று வயது நாட்டுப் பூனை, கருத்தடை செய்த ஆண், கொஞ்சம் பருத்தவன். சில மாதங்களாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்துக்கொண்டிருந்தான். மணல் தட்டு எப்போது பார்த்தாலும் நனைந்து கிடந்தது. சாப்பாட்டில் குறையில்லை, ஆனாலும் தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பிறகு பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கத் தொடங்கினான். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்ட பூனைகள் இப்படித்தான் நடக்கும் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 400-க்கு மேல், இனி ஆயுள் முழுக்க இன்சுலின் என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோன பூனைக்கு அந்தப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை ஏறும். அதனால்தான் சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. இரண்டையும் அங்கே செய்யவில்லை. கறுப்பனுக்கு வந்தது உண்மையான சர்க்கரை நோய்தான் என்று பிற்பாடு உறுதியானது. ஆனால் வேறொரு பூனைக்குத் தேவையே இல்லாமல் இன்சுலின் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு" என்றார் மருத்துவர். எழுதிக் கொடுத்த சீட்டில் இன்சுலினின் பெயரும் "2" என்ற எண்ணும் மட்டும்தான். எந்தச் செறிவு, எந்தச் சிரிஞ்ச் என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளேயே இருக்கும் மருந்துக் கடையில் கிளார்ஜின் என்ற இன்சுலின் பாட்டில் ஒன்றையும் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சுகளையும் எடுத்து வைத்தார்கள். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. மூடியின் நிறத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, இதற்கு இந்தச் சிரிஞ்ச்தானா?" என்று கேட்டார். "எல்லாம் ஒன்றுதான் அம்மா, சர்க்கரை ஊசிதானே" என்றார் கடையில் இருந்தவர். உள்ளே போய் மருத்துவரிடமே கேட்டோம். அவர் சிரிஞ்சை வாங்கி, இரண்டாவது கோட்டில் நகத்தை வைத்து, "இதுவரை இழுங்கள்" என்று காட்டினார். அதற்கு மேல் வீட்டு மனிதர்கள் என்ன விசாரிக்க முடியும்?

எல்லாம் ஒன்றல்ல. நம் நாட்டில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி போட்டது 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் உள்ளதற்கு. எங்களுக்குக் கொடுத்த பாட்டிலில் இருந்ததோ 100 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மில்லி. அந்த அளவு கிளார்ஜினில் இரண்டரை யூனிட் இருக்கிறது. ஆக, இரண்டு கோடு இழுத்தால் பூனையின் உடம்பில் ஏறுவது ஐந்து யூனிட். புதிதாகச் சர்க்கரை கண்ட பூனைக்குப் பெரும்பாலும் ஒரு யூனிட் அளவில் தொடங்கி, சோதித்துப் பார்த்துத்தான் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். ஐந்து யூனிட்டை, அதுவும் ஒரு நாளில் இரு வேளை, எங்கள் கையாலேயே போட வைத்தார்கள்.

சில நாட்களிலேயே, ஒரு நள்ளிரவில் கறுப்பன் கட்டிலுக்கு அடியிலிருந்து தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தான். நிற்க முடியாமல் சரிந்தான். கண்கள் விரிந்திருந்தன, கூப்பிட்டால் திரும்பவில்லை. அடுத்த நிமிடம் வலிப்பு. அம்மாவுக்குத் தாழ்சர்க்கரை வந்து நாங்கள் பார்த்திருக்கிறோம். அவருடைய குளுக்கோமீட்டரில் பூனையின் காது ஓரத்து ரத்தத்தை வைத்தபோது 34 காட்டியது. மனிதர்களுக்கான மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்றாலும், 34 என்பது எந்தக் கணக்கிலும் உயிருக்கு ஆபத்து. விரலில் தேனைத் தொட்டு ஈறில் தேய்த்தோம். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஈறில் தேய்த்தால் போதும். தேன் இல்லாவிட்டால் குளுக்கோஸ் பொடியைக் குழைத்துத் தேய்க்கலாம். அது வழியில் பிழைத்திருப்பதற்கான ஏற்பாடு மட்டுமே, உடனே மருத்துவரிடம் போயாக வேண்டும்.

"24 மணி நேர சேவை" என்று பலகை மாட்டியிருந்த அந்த மருத்துவமனையை விடாமல் அழைத்தோம். யாரும் எடுக்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் ஒரு மருத்துவர் கதவைத் திறந்தார். நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் "இன்சுலினையும் சிரிஞ்சையும் காட்டுங்கள்" என்றார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியும் எங்களை உலுக்கியது: "இதற்கு முன் ஸ்டீராய்டு ஏதாவது போட்டார்களா?" போட்டிருந்தார்கள். தோல் அரிப்புக்கென்று நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை அதே மருத்துவமனைதான் திரும்பத் திரும்பப் போட்டிருந்தது. பருத்த, வயதான பூனைக்கு ஸ்டீராய்டு சர்க்கரையைக் கொண்டுவந்துவிடக்கூடும். சர்க்கரை என்று சொன்ன அன்று, தங்கள் பதிவேட்டிலேயே இருந்த அந்த ஊசிகளைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. கூடவே, விலை அதிகமான உலர் தீவனம் ஒரு மூட்டையையும் விற்றார்கள். மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த ஈர உணவுதான் இந்த நோய்க்கு ஏற்றது.

பாட்டில், சிரிஞ்ச், ரசீது, சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டோம். முதலில் "வயதான பூனை, இப்படியெல்லாம் ஆகும்" என்றார்கள். சிரிஞ்சைக் காட்டியதும் "நீங்கள் வெளியில் வாங்கியிருப்பீர்கள்" என்றார்கள். ரசீதில் "சிரிஞ்ச் - 10" என்று மட்டும்தான் இருந்தது, வகையைக் குறிப்பிடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் பேசிப்பார்த்தார்கள். எனக்குப் பணம் வேண்டாம். அதே அலமாரியிலிருந்து அதே ஜோடியை இன்னொருவர் வாங்கிப் போகக் கூடாது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் இன்சுலினின் பெயர், 1 மில்லிக்கு எத்தனை யூனிட், எந்தச் சிரிஞ்ச், எத்தனை யூனிட் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். "இத்தனை கோடு" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ரசீதில் சிரிஞ்சின் வகையை எழுதச் சொல்லுங்கள். தவறு எதிர்த்திசையிலும் நடக்கும்: 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் மருந்து பாதிகூடப் போகாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்தால், அன்றைக்குப் பூனை விழுந்துவிடும். பூனை சாப்பிடாத வேளையில் மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவைப் போடவே போடாதீர்கள்.

கறுப்பன் இப்போது ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்துக்கொள்கிறான். ஸ்டீராய்டு நின்றுவிட்டது. சில பூனைகளுக்கு ஆரம்பத்திலேயே சரியான சிகிச்சை கிடைத்தால் இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வரும் என்று புதிய மருத்துவர் சொல்லியிருக்கிறார். கால் இன்னும் தேறவில்லை. தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் அனுப்பிவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே போகலாம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பாட்டிலையும் பயன்படுத்திய சிரிஞ்சையும் தூக்கி எறியாமல், தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.