பட்டம் உண்மையானது, ஆனால் செல்லாது: பி.எட். சேருமுன் இதைப் படியுங்கள்

முக்கூடலில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண், பி.எட். சேர்வதற்காகப் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு முகவரிடம் 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருப்பதாகச் சென்ற வாரம் கேள்விப்பட்டேன். அதே முகவரிடம்தான் 2018-ஆம் ஆண்டில் என் அம்மா மூன்று தவணையாக 1,10,000 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணம் எங்கே போயிற்று, எனக்குக் கிடைத்த பட்டம் ஏன் ஒரு பள்ளியிலும் செல்லவில்லை என்பதை, இந்த வட்டாரத்தில் ஆசிரியப் பணிக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு ஆலங்குளம் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் மாதம் 6,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பீடி சுற்றுபவர். நான் இரண்டு ஆண்டு கல்லூரிக்குப் போனால் அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய கவலையாக இருந்தது. முகவர் அதை முதல் சந்திப்பிலேயே புரிந்துகொண்டார். "அக்கா, பிள்ளை வேலையை விட வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும், மத்ததை எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று அம்மாவிடம் சொன்னார். வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அந்தப் பெயர் இருப்பதைத் தன் கைபேசியிலேயே எடுத்துக் காட்டினார். பெயர் உண்மையிலேயே இருந்தது. நாங்கள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. அம்மா தன் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மகள் படிப்புக்கென்று முன்பணம் எடுத்தார், மீதிக்கு என் கம்மல் அடகுக்குப் போயிற்று.

அந்தப் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய ஆறு ஆண்டுகள் ஆயின. ஒரு பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது என்பதை மட்டுமே அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆசிரியராகும் படிப்புக்கு அது போதாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த, என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அங்கீகார ஆணை வழங்குகிறது. அந்த ஆணையில் நிறுவனத்தின் பெயர், முகவரி, எந்தப் படிப்பு, எத்தனை இடங்கள், எந்தக் கல்வியாண்டு முதல் என்பவை குறிக்கப்பட்டிருக்கும். விதிமீறல் கண்டால் குழுமம் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெறலாம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாத படிப்பில் பெற்ற தகுதி அரசுப் பள்ளிப் பணிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிப் பணிக்கோ செல்லாது. என் பட்டச் சான்றிதழில் முத்திரை போலியில்லை, கையெழுத்து போலியில்லை, பதிவு எண்ணும் உண்மையானது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் எங்களைச் சேர்த்திருந்த கல்லூரியின் பி.எட். படிப்புக்கான அங்கீகாரம், நான் சேர்வதற்கு முந்தைய கல்வியாண்டோடு முடிந்து போயிருந்தது. இது முகவருக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன், ஏனென்றால் சேர்ந்த பிறகு கல்லூரியின் பெயரைக் கேட்டபோதெல்லாம் அவர் பல்கலைக்கழகத்தின் பெயரையே சொன்னார்.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு, வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும், இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 20 வாரம் பள்ளியோடு இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் தொடர்ச்சியாகக் கற்பித்தல் பயிற்சி என்றெல்லாம் அப்போதே எனக்கு அரைகுறையாகத் தெரியும். நானோ ஆண்டுக்கு ஒருமுறை நெல்லை ஜங்ஷனில் ரயிலேறிப் போய், ஒரு விடுதி அறையில் எட்டுப் பேராகத் தங்கித் தேர்வெழுதித் திரும்பினேன். நான் கண்ணால் பார்த்திராத ஒரு பள்ளியில் 16 வாரம் கணிதம் கற்பித்ததாகத் தலைமையாசிரியர் முத்திரையோடு ஒரு சான்று என் கோப்பில் இருந்தது. அதைக் கையில் வாங்கிய நாளன்றே நான் விலகியிருக்க வேண்டும். கட்டிய பணத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாளில் 150-க்கு 94 மதிப்பெண் எடுத்தேன். அந்த ஜூன் மாதத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக நியமன ஆணை கிடைத்தது. உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் நியமித்தாலும், கல்வித் துறை அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் அரசு ஊதியம் வரும். அதற்குமுன் எல்லாச் சான்றிதழ்களுக்கும் உண்மைத்தன்மை கேட்டு எழுதுவார்கள். ஏழு மாதம் ஊதியமின்றி வேலை பார்த்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து "சான்றிதழ் உண்மையானது" என்று பதில் வந்த அன்று அம்மா நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். ஆனால் கோப்பு நகரவில்லை. கல்லூரிக்கான அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டு அடுத்த கடிதம் வந்தது. பள்ளி எழுத்தர் என்னை அழைத்து, நர்சரிப் பள்ளி தந்த அனுபவச் சான்றையும் பி.எட். மதிப்பெண் சான்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் 2018 முதல் 2020 வரை என்ற தேதிகள் இருந்தன. அவர் அவற்றின் மேல் விரலை வைத்து, "ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல எப்படிம்மா இருந்தீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. 2024 பிப்ரவரியில் நியமனத்துக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது.

முகவரிடம் போனபோது, பட்டம் வாங்கிக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்துவிட்டது என்றார். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, பின்னர் காவல் துறை விசாரணைக்கும் போனேன். அங்கேதான் எங்கள் ரசீதுகளை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தோம். மூன்றும் ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் பெயரில், "சேவைக் கட்டணம்" என்று எழுதப்பட்டவை. பி.எட். என்ற சொல்லோ, கல்லூரியின் பெயரோ, பல்கலைக்கழகத்தின் பெயரோ அவற்றில் எங்குமே இல்லை. இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

வெளிமாநிலப் பட்டம் என்பதாலேயே அது செல்லாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிய அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் நேரில் சென்று படித்தவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் கல்லூரியின் பெயரில் உள்ள அங்கீகார ஆணையைக் கையில் வாங்கி, அதை என்.சி.டி.இ. இணையதளத்தில் நீங்களே சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியாக இருந்தால், 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். தொலைநிலையில் பி.எட். உண்டே என்று சிலர் கேட்கிறார்கள்; உண்டுதான், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன, ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் தொடக்கக் கல்வியில் பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும் உரிய வழி, வெறும் பட்டதாரிகளுக்கு இல்லை. பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பாடம் எடுக்கலாம் என்றும் முகவர்கள் இன்னும் சொல்லி வருகிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது; அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு போன்றவைதான் வழி.

இப்போது நான் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்று, உதவி பெறும் கல்லூரி ஒன்றில் மீண்டும் பி.எட். படிக்கிறேன். காலையில் முதல் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறேன். கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுத வேண்டும் என்பதை, நான்கு ஆண்டு நர்சரியில் வேலை பார்த்த எனக்கு முதல் வாரத்துக் குறுநிலைக் கற்பித்தல் (சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி) வகுப்பில்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் தெருப் பெண்ணின் வீட்டுக்கு நேற்று மாலை என் மூன்று ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவற்றை வாங்கிப் பார்த்தார், பிறகு உள்ளே போய்த் தங்கள் ரசீதை எடுத்து வந்தார். அதிலும் அதே கணினிப் பயிற்சி மையத்தின் பெயர்தான் இருந்தது.