"ரெண்டு பேருக்கும் நானே பார்த்துடறேன்" என்கிற வக்கீலிடம் உஷார்

விவாகரத்துக்குப் போகிறவர்களில் "எங்களுக்குள்ள சண்டையே இல்லை, பேசி முடிச்சாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் படியுங்கள். நானும் அந்த நிம்மதியில் இருந்தவள்தான்.

பிரிவது என்று முடிவானதும் என் கணவரே ஒரு வக்கீலைப் பிடித்துவந்தார். "சம்மதத்தோட பிரியறீங்க, எதுக்கு ரெண்டு ஃபீஸ்? ரெண்டு பேருக்கும் நானே பார்த்துடறேன்மா" என்றார் வக்கீல். தனி வக்கீல் வைத்தால் வம்புக்குப் போகிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம் எனக்கு. வீடு, பணம், பிள்ளை என்று வரும்போது ஒருவருக்குச் சாதகமானது மற்றவருக்குப் பாதகம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் எப்படி யோசனை சொல்வார் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

ஒப்பந்தம் 14 பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் வக்கீல் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட நான் போட்டுக்கொண்டே போனேன். படிக்கலாம் என்று நிறுத்தினால், "அதெல்லாம் எல்லாத்துலயும் வர்றதுதாம்மா" என்பார். 20 நிமிடத்தில் முடிந்தது. நகல் என் கைக்கு வர 3 மாதம் ஆனது. அதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது.

வீடு கணவருக்கு, மிச்ச வீட்டுக் கடனையும் அவரே கட்டுவார் என்பது ஏற்பாடு. அந்தக் கடனில் நானும் கூட்டுக் கடன்தாரர். 5 தவணை கட்டினார், நிறுத்திவிட்டார். வங்கியிலிருந்து எனக்குத்தான் போன். ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "மேடம், இது உங்க ரெண்டு பேருக்குள்ள. எங்க பத்திரத்துல உங்க கையெழுத்து இருக்கே" என்றார். வங்கி அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை, அதனால் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனை அவர் பேருக்கு மட்டும் மாற்றி, என்னை விடுவித்ததாக வங்கியிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் வீட்டில் என் பங்கை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இது தெரியாத வக்கீல் இருக்க முடியாது. எனக்கு வீடு போனது, கடன் மட்டும் நின்றது. என் கிரெடிட் ஸ்கோரும் விழுந்தது.

மகள் விஷயத்தில் மொத்தமே ஒரு வரி: "தந்தை, இருவரின் வசதிப்படி, குழந்தையைச் சந்தித்துக்கொள்வார்." வசதிப்படியாம்! சனிக்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். பதினொரு மணிக்கு "இன்னைக்கு வசதிப்படலை" என்று மெசேஜ் வரும். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கொண்டுவிடுவது, விடுமுறையில் யாரிடம், பள்ளிச் செலவு யாருடையது, எதுவும் எழுதப்படவில்லை. எழுதாததை மீறிவிட்டார் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

வக்கீலைக் கேட்டதற்கு வந்த பதில்தான் இந்தப் பதிவை எழுதவைத்தது. "நான் அவருக்கு வக்கீல்மா. பதினொன்றாம் பக்கம் பாருங்க." பார்த்தேன். தனியாகச் சட்ட ஆலோசனை பெற எனக்கு வாய்ப்புத் தரப்பட்டதாகவும், நானே மனமார வேண்டாமென்று சொன்னதாகவும் இருந்தது. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த தடம். ஃபீஸ் ரசீதும் முழுக்க அவர் பேரில்தான். பாதிப் பணம் கொடுத்தவள் நான், ரசீது கேட்கத் தோன்றவில்லை.

இப்போது வேறொரு வக்கீல். அந்த அம்மா முதலில் கேட்டது, "அவருடைய சேமிப்பு, பங்கு, ஓய்வூதியக் கணக்கு, இதெல்லாம் பட்டியல் போட்டு வாங்கினீங்களா?" என்றுதான். யாரும் வாங்கவில்லை. சொத்துப் பிரிவினையைத் திறப்பது கஷ்டம், எதையாவது மறைத்திருந்தார் என்று காட்டினால் வழி உண்டு என்கிறார். குழந்தை விஷயத்தில் அப்படியில்லை, நிலைமை மாறினால் அதன் நலனுக்காகக் கோர்ட்டை மறுபடி அணுகலாம். அணுகினோம். சனி காலை 10 மணி, அவரே வந்து கூட்டிப்போக வேண்டும், ஞாயிறு மாலை 6 மணிக்குத் திரும்ப விட வேண்டும் என்று உத்தரவு வாங்கியாகிவிட்டது.

கடன் இன்னும் என் பேரிலும் ஓடுகிறது. அடுத்த வாய்தா வரும் மாதம்.